மூளையின் காவல் செல்களும் தனிச்செல் ஆய்வும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மறதிநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற மூளை நோய்களால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர். மூளையில் உள்ள நோய் எதிர்ப்பு செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயும் தொழில்நுட்பம் வந்துவிட்டதாகச் செய்திகள் வருகின்றன. அந்தச் செல்களைச் சரிசெய்தால் நோய் குணமாகும் என்றும் சொல்லப்படுகிறது. எங்கள் தாய்க்கோ தந்தைக்கோ அதைச் செய்ய முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அந்த ஆய்வு எத்தகையது, இதுவரை எதைக் காட்டியுள்ளது, எதைக் காட்டவில்லை, இன்று நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளில் அதற்கு என்ன இடம் உண்டு என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• மூளைக்கென்று தனியான நோய் எதிர்ப்பு செல்கள் உள்ளன. அவற்றின் பெயர் மைக்ரோகிளியா.
• தனிச்செல் ஆய்வு ஓர் ஆராய்ச்சி முறை. அது சிகிச்சையன்று; நோயாளி ஒருவருக்குச் செய்து பார்க்கும் பரிசோதனையும் அன்று.
• இந்த ஆய்வுகள் காட்டிய வழியில் உருவான மருந்துகளில் ஒன்று 2024ஆம் ஆண்டில் தோல்வியடைந்தது. வேறொரு நோய்க்கான மருந்து ஓரளவு பயன் காட்டியுள்ளது.
• இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், செவித்திறன் குறைவு ஆகியவற்றைக் கவனிப்பது இன்று உங்கள் கையில் உள்ள, சான்றுள்ள வழி.

மூளையில் நோய் எதிர்ப்பு செல்கள் உண்டா?

உண்டு. உடலின் மற்ற உறுப்புகளுக்கு இரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளையணுக்கள் காவலாக உள்ளன. மூளையைச் சுற்றி இரத்த-மூளைத் தடுப்பு என்னும் அரண் இருப்பதால் அந்த வெள்ளையணுக்கள் இயல்பான நிலையில் மூளைத் திசுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. அங்கே காவல் பணியை மைக்ரோகிளியா செல்களே செய்கின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்டேகா 1919ஆம் ஆண்டில் இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டு பெயரிட்டார்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. கரு உருவாகும் தொடக்க நாள்களில், கருவைச் சூழ்ந்துள்ள மஞ்சள்கருப் பையில் தோன்றும் முன்னோடிச் செல்களிலிருந்து இவை உருவாகி மூளைக்குள் குடியேறுகின்றன என்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான சுண்டெலி ஆய்வு நிறுவியது. ஆகவே இவை இரத்தத்திலிருந்து நாள்தோறும் வந்து போகும் செல்கள் அல்ல. பிறப்பதற்கு முன்பே மூளையில் குடியேறி, அங்கேயே பெருகி, வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பவை.

மைக்ரோகிளியாவின் பணிகள் பல. மெல்லிய கிளைகளை நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தை இடைவிடாமல் தடவிப் பார்க்கின்றன. இறந்த செல்களையும் கழிவுப் புரதங்களையும் விழுங்குகின்றன. குழந்தைப் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளை நீக்க உதவுகின்றன. கிருமித் தொற்று ஏற்பட்டால் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. இந்தக் கடைசிப் பணி அளவோடு நிகழ்ந்தால் பாதுகாப்பு. அளவு மீறினாலோ நீண்டகாலம் தொடர்ந்தாலோ அருகிலுள்ள நரம்பு செல்களுக்கே கேடு. ஒரே செல் ஒரு நேரத்தில் துப்புரவாளராகவும் மற்றொரு நேரத்தில் தீங்கு செய்வதாகவும் இருக்கக்கூடும் என்பதுதான் இத்துறையின் மையச் சிக்கல்.

தனிச்செல் ஆய்வு என்றால் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் நூறு பேரின் இரத்தத்தை ஒரே குழாயில் கலந்து சர்க்கரை அளவைப் பார்த்தால், ஒரே எண் கிடைக்கும். அந்த எண் 140 என்று வந்தால், ஒருவருக்கு 400 இருப்பதும் மற்றொருவருக்கு 50 ஆகக் குறைந்து மயங்கும் நிலையில் இருப்பதும் நமக்குத் தெரியாது. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் தேவைப்படும் சிகிச்சை நேர்மாறானது. சராசரி எண்ணை வைத்து எவருக்கும் மருத்துவம் செய்ய இயலாது.

மூளைத் திசுவைப் பற்றிய பழைய மரபணு ஆய்வுகள் இவ்வாறே நடந்தன. ஒரு சிறு துண்டுத் திசுவை அரைத்து, அதிலுள்ள இலட்சக்கணக்கான செல்களின் கூட்டுச் சராசரியை அளந்தனர். மைக்ரோகிளியா மூளைச் செல்களில் சிறுபான்மையே என்பதால், அவற்றின் குரல் நரம்பு செல்களின் இரைச்சலில் அமிழ்ந்துபோனது.

ஒரு தனிச் செல்லில் உள்ள ஆர்.என்.ஏ. முழுவதையும் படிக்க முடியும் என்பது 2009ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டில் நுண்துளி முறை வந்த பிறகு, ஆயிரக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் ஆராய்வது இயல்வதாயிற்று. அதன் படிகள் வருமாறு:

1. திசுவிலிருந்து செல்கள் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன.
2. எண்ணெயால் சூழப்பட்ட நுண்ணிய நீர்த்துளி ஒவ்வொன்றிலும் ஒரு செல்லும் ஒரு நுண்மணியும் சேருமாறு செய்யப்படுகிறது.
3. அந்த நுண்மணியின் மேல் கடைப்பொருள்களில் உள்ள பார்கோடு போன்ற ஓர் அடையாள வரிசை உள்ளது. செல் உடைந்ததும் அதன் ஆர்.என்.ஏ. இழைகள் மணியில் ஒட்டிக்கொண்டு அந்த அடையாளத்தைப் பெறுகின்றன.
4. எல்லா இழைகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டாலும், எந்த இழை எந்தச் செல்லுக்குரியது என்பதை அடையாள வரிசை காட்டிக்கொடுக்கிறது.
5. ஒத்த தன்மையுள்ள செல்களைக் கணினி குழுக்களாகத் தொகுக்கிறது.

ஆர்.என்.ஏ. என்பது ஒரு செல் எந்தெந்த மரபணுக்களை அந்த நேரத்தில் இயக்கி வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் குறிப்பு. உடலின் எல்லாச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுப்புதான் உள்ளது. எதை இயக்குகிறது, எதை அணைத்து வைக்கிறது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு எழுகிறது.

மனித மூளைகள் பெரும்பாலும் இறப்புக்குப் பின் உறைநிலையில் சேமிக்கப்பட்டவை. உறைந்த திசுவிலிருந்து முழுச் செல்லைச் சிதையாமல் எடுப்பது கடினம். ஆகவே செல்லின் உட்கருவை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கும் முறையும் வழக்கில் உள்ளது.

இதுவரை தெரியவந்தவை

அல்சைமர் நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். மறதிநோய் என்பது பல நோய்களால் வரும் நிலை. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர். இந்நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் திட்டுகளாகப் படிகிறது.

2017ஆம் ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் கழக ஆய்வாளர்கள், அல்சைமர் போன்ற மாற்றம் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளையிலிருந்து நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்துத் தனிச்செல் முறையில் ஆராய்ந்தனர். அமிலாய்டுத் திட்டுகளை நெருங்கிச் சூழ்ந்திருந்த ஒரு வகை மைக்ரோகிளியா, மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டிருந்தது. கழிவுகளை விழுங்கவும் கொழுப்பைக் கையாளவும் தேவையான மரபணுக்கள் அவற்றில் மிகுதியாக இயங்கின. நோய்சார் மைக்ரோகிளியா என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். இயல்பு நிலையிலிருந்து அந்த நிலைக்கு மாறுவது இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது என்றும், இரண்டாம் கட்டத்திற்கு ட்ரெம்-2 என்னும் ஏற்பி தேவை என்றும் அவர்கள் கண்டனர்.

இந்த ட்ரெம்-2 மருத்துவ உலகிற்கு ஏற்கெனவே அறிமுகமான பெயர். இதன் மரபணுவில் அரிதாகக் காணப்படும் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடுகிறது என்று ஐஸ்லாந்து மக்களிடம் நடந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் தெரிவித்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் செயலற்ற ட்ரெம்-2 மரபணுவைப் பெற்றவர்களுக்கு, எலும்புகளில் நீர்ப்பைகளும் நடுவயதிலேயே மறதிநோயும் வரும் நாசு-ஹக்கோலா என்னும் மிக அரிய நோய் உண்டாகிறது. மக்களிடம் கண்ட மரபணுச் சான்றும் சுண்டெலிச் செல்களில் கண்ட சான்றும் ஒரே இடத்தைச் சுட்டியதால், இந்த ஏற்பியைத் தூண்டும் மருந்தைச் செய்தால் துப்புரவுப் பணி வலுப்பெறும் என்ற நம்பிக்கை பிறந்தது.

2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர், இறந்த பின் மூளைதானம் செய்யப்பெற்ற 48 பேரின் மூளைத் திசுவிலிருந்து 80,660 செல் உட்கருக்களைப் படித்து முடிவுகளை வெளியிட்டனர். நோயின் தொடக்கத்தில் ஒவ்வொரு செல் வகையும் தனக்கே உரிய முறையில் மாறுகிறது என்பதும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதும் அதில் தெரியவந்தன. மனித மைக்ரோகிளியாவில் காணப்பட்ட மாற்றங்கள் சுண்டெலிகளில் கண்டவற்றோடு ஓரளவே ஒத்திருந்தன. இந்த ‘ஓரளவே’ என்ற சொல்லை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள அது உதவும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் இதே முறை பயன்பட்டது. இந்நோயில் நரம்பு இழைகளின் மேலுறை சிதைகிறது. புதிய தாக்குதல் எதுவும் இல்லாத நிலையிலும் சிலருக்கு நடை தளர்வதும் கை கால் வலுவிழப்பதும் ஏன் தொடர்கிறது என்பது நீண்டநாள் கேள்வி. பழைய புண்களின் விளிம்பில், சாம்பல் பூத்த நெருப்பைப் போல் அழற்சியுற்ற மைக்ரோகிளியா வளையமாக அமர்ந்திருப்பதை 2021ஆம் ஆண்டில் வெளியான தனிச்செல் ஆய்வு விரிவாக விளக்கியது.

முதல் மருந்து ஏன் தோற்றது?

ட்ரெம்-2 ஏற்பியைத் தூண்டுவதற்காக ஏ.எல்.002 என்னும் எதிர்ப்புரத மருந்தை அமெரிக்காவின் அலெக்டர் நிறுவனம் உருவாக்கியது. தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகள் 381 பேரிடம் இன்வோக்-2 என்ற இரண்டாம் கட்ட ஆய்வு நடந்தது. 2024 நவம்பரில் முடிவு வெளியானது: மருந்து நோயின் போக்கைக் குறைக்கவில்லை. மருந்து பெற்ற சிலருக்கு மூளை வீக்கம், நுண்கசிவு போன்ற மாற்றங்கள் ஸ்கேனில் தென்பட்டன.

இதில் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருந்து தன் இலக்கைச் சென்றடையவில்லை என்று சொல்ல முடியாது. மைக்ரோகிளியா தூண்டப்பட்டதற்கான அடையாளங்கள் நோயாளிகளிடம் காணப்பட்டதாக நிறுவனமே அறிவித்தது. செல் தூண்டப்பட்டது, நோயாளி நலம் பெறவில்லை. இந்த இடைவெளிக்கு மருத்துவ நோக்கில் சில காரணங்களைக் கருதலாம்.

முதலாவது, காலம். துப்புரவுச் செல்கள் நோயின் மிகத் தொடக்கத்தில், நினைவாற்றல் குறைவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தேவைப்பட்டிருக்கலாம். அறிகுறி தோன்றிய பின் அவற்றைத் தூண்டுவது பயன்படாமல் போகலாம்.

இரண்டாவது, சுண்டெலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு. ஆய்வுச் சுண்டெலிகளில் அமிலாய்டு சில மாதங்களில் படிகிறது. மனிதரில் அது இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை. அதனுடன் முதுமை, இரத்த நாளக் கோளாறு, பிற புரதப் படிவுகள் ஆகியனவும் கலந்திருக்கும்.

மூன்றாவது, ஆய்வு முறையின் எல்லை. தனிச்செல் ஆய்வு ஒரு நிழற்படம் போன்றது. ஒரு நொடியில் செல் இருந்த நிலையைக் காட்டும். அது அடுத்து என்ன செய்தது, அதன் செயல் நன்மையாக முடிந்ததா தீமையாக முடிந்ததா என்பதைக் காட்டாது. தீப்பற்றிய வீட்டின் படத்தில் தீயணைப்பு வீரர்கள் நிற்பதைக் கண்டு அவர்களே தீவைத்தார்கள் என்றும் முடிவு செய்ய முடியாது. அவர்கள் தீயை அணைத்துவிட்டார்கள் என்றும் முடிவு செய்ய முடியாது.

இவற்றோடு செயல்முறைச் சிக்கல்களும் உள்ளன. மைக்ரோகிளியா மிக எளிதில் கிளர்ச்சியுறும் செல். திசுவிலிருந்து அதைப் பிரிக்கப் பயன்படுத்தும் நொதிகளும் வெப்பமுமே அதைத் தூண்டிவிடுகின்றன. நோயால் வந்த மாற்றம் எது, ஆய்வுக்கூடத்தில் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய வேண்டியுள்ளது. உட்கருவை மட்டும் படிக்கும் முறையில், மனித மைக்ரோகிளியாவின் கிளர்ச்சி தொடர்பான சில மரபணுக் குறிப்புகள் விடுபட்டுப்போகின்றன. ஆய்வாளர்கள் இவற்றை அறிந்தே உள்ளனர்; முறைகளைத் திருத்தியும் வருகின்றனர்.

ஆகவே ஏ.எல்.002 மருந்தின் தோல்வியைக் கொண்டு இத்துறையே பயனற்றது என்று கருதுவது சரியாகாது. நல்ல வரைபடம் கிடைப்பதும் ஊர் போய்ச் சேர்வதும் வேறு வேறு.

பயன் காட்டிய முயற்சிகள் உண்டா?

உண்டு, அவற்றின் அளவையும் அறிந்துகொள்ள வேண்டும்.

லெகனெமாப் என்னும் மருந்து அமிலாய்டில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம். அவ்வாறு அடையாளமிடப்பட்ட படிவுகளை அகற்றுவதில் மைக்ரோகிளியாவுக்குப் பங்கு உண்டு. 1,795 பேர் பங்கேற்ற ஆய்வில், 18 மாத முடிவில், மருந்து பெற்றவர்களின் சரிவு 27 விழுக்காடு குறைவாக இருந்தது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த எண், 18 புள்ளி கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி வேறுபாடே. நோய் நிற்கவில்லை, இழந்த நினைவு திரும்பவில்லை, சரிவு சற்று மெதுவானது. மறுபுறம், மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளை வீக்க மாற்றமும், 17.3 விழுக்காட்டினருக்கு நுண்கசிவு போன்ற மாற்றமும் ஸ்கேனில் காணப்பட்டன. பலருக்கு இவை அறிகுறியின்றிக் கடந்தன, சிலருக்குக் கடுமையாயின. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் இதற்கு முழு ஒப்புதல் அளித்தது. தொடக்கநிலை நோயாளிகளுக்கு மட்டுமே இது உரியது. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு ஆகாது. சிகிச்சைக் காலத்தில் மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் இன்றியமையாதது.

இத்தகைய சிகிச்சை சிலருக்கு நன்கு பயன்பட்டு, சிலருக்குப் பயன்படாமல் போவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடத் தனிச்செல் ஆய்வு இப்போது பயன்படுகிறது. முன்பு அமிலாய்டுத் தடுப்பூசி பெற்று, பின்னர் இறந்தவர்களின் மூளைத் திசுவையும், லெகனெமாப் பெற்ற ஒருவரின் மூளைத் திசுவையும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அமிலாய்டு நன்கு அகன்ற இடங்களில் மைக்ரோகிளியா எந்நிலையில் இருந்தது என்பதை அவர்கள் விவரித்தனர். மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே அறியும் நாளுக்கு இது ஒரு படி.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், மூளைக்குள் சென்று மைக்ரோகிளியாவின் அழற்சியைத் தணிக்கும் நோக்குடன் உருவாக்கப்பட்டது டோலெப்ரூட்டினிப் என்னும் மாத்திரை. புதிய தாக்குதல் இன்றி இயலாமை கூடிக்கொண்டே போகும் நோயாளிகள் 1,131 பேரிடம் நடந்த ஹெர்குலிஸ் ஆய்வின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியானது. இயலாமை உறுதியாகக் கூடியவர்கள் மருந்து பெற்றோரில் 22.6 விழுக்காடு, மருந்துப்பொருள் இல்லாத மாத்திரை பெற்றோரில் 30.7 விழுக்காடு. ஆயினும் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இம்மருந்து பழைய மருந்தை விடச் சிறந்தது என்று வேறு ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. கல்லீரல் பாதிப்பு இதன் முக்கியமான பக்கவிளைவு. இதைக் கேள்வியுற்று, தற்போது எடுத்துவரும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தந்தைக்குத் தனிச்செல் பரிசோதனை செய்ய இயலுமா?
இயலாது, தேவையும் இல்லை. இந்த ஆய்வுக்கு மூளைத் திசு வேண்டும். மறதிநோயைக் கண்டறிவதற்காக உயிருடன் இருப்பவரின் மூளையிலிருந்து திசு எடுப்பது வழக்கமான நடைமுறையன்று. இரத்தத்திலுள்ள செல்களை ஆராய்ந்து மைக்ரோகிளியாவின் நிலையை அறிந்து சொல்வதாக எவரேனும் கூறினால், அதற்கு ஏற்கப்பட்ட மருத்துவச் சான்று இல்லை.

மைக்ரோகிளியாவைத் தூய்மை செய்யும் மாத்திரை, ஊசி, சத்துப் பொடி உண்டா?
அல்சைமர் நோயில் மைக்ரோகிளியாவைச் சீர்செய்து பயன் தரும் என்று நிறுவப்பட்ட சத்துப் பொருள் எதுவும் இல்லை. புறநோயாளர் பிரிவில் இத்தகைய விளம்பரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வருவோரை அவ்வப்போது காண்கிறேன். ஒரு குடும்பத்தினர் ‘மூளைச் சுத்திகரிப்பு’ ஊசிக்காக நகையை அடகு வைத்திருந்தனர். அந்தச் செலவால் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரை இரண்டு மாதம் வாங்கப்படவில்லை. பயனற்ற சிகிச்சையால் வரும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

ஸ்டெம் செல் சிகிச்சை பயன்படுமா?
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை போன்ற மாற்று சிகிச்சைகளைத் தவிர, பிற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாகவே பயன்படுத்தலாம். அதைக் கட்டணச் சிகிச்சையாக விற்பது முறையன்று.

மருத்துவ ஆய்வில் பங்கேற்க அழைத்தால் என்ன செய்வது?
அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்று பாருங்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் பெறுவது உங்கள் உரிமை. ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் விலகி நிற்பது நல்லது. ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெற 2019ஆம் ஆண்டின் விதிகள் வழிவகுக்கின்றன. எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

புதிய கண்டுபிடிப்பு பற்றிய செய்தியைக் காணும்போது நான்கு கேள்விகளை மனத்தில் வையுங்கள். ஆய்வு சுண்டெலியில் நடந்ததா, மனிதரிலா? மனிதரில் என்றால், இறந்தவர்களின் திசுவிலா, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தா? மருந்து கொடுத்து என்றால், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா? பயன் என்று சொல்லப்படுவது ஸ்கேனிலும் இரத்தத்திலும் கண்ட மாற்றமா, நோயாளியின் அன்றாட வாழ்வில் கண்ட மாற்றமா? ஏ.எல்.002 மருந்தின் வரலாற்றை அறிந்த பின், நான்காவது கேள்வியின் எடை உங்களுக்கு விளங்கும்.

இன்று செய்யக்கூடியவை

மறதி எல்லாம் அல்சைமர் அன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, கீழே விழுந்தபின் மூளையுறைக்கு அடியில் தேங்கும் இரத்தம் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைக் கண்டறிந்தால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஆகவே, முதுமை என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

நன்றாக இருந்த முதியவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பிப் பேசினால், அது மறதிநோய் முற்றியதன் அறிகுறி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வு ஆகியன காரணமாகலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

உலகில் மறதிநோயின் சுமார் 45 விழுக்காடு, மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்று லான்செட் ஆய்வுக் குழு 2024ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, புகைப்பழக்கம், மது, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். காது கேட்கும் கருவி அணிவதும், கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வதும், இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிவதும் மூளையைக் காக்கும் செயல்களே. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயும் பெறலாம்.

பராமரிப்பவரின் நலனும் சிகிச்சையின் ஒரு பகுதி. இரவுத் தூக்கம் இழந்து, தனியாகச் சுமை தாங்குபவர் நோயுற்றால் இருவருக்கும் கேடு. உடன்பிறந்தோரிடையே முறை வைத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உதவி கேட்பது கடமை தவறுவதாகாது.

நம் மக்களின் மூளைத் திசு ஏன் தேவை?

இந்தியாவில் அறுபது வயது கடந்தோரில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்பது 2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு. ஆனால் மூளையின் தனிச்செல் ஆய்வுகளுக்கு அடிப்படையான திசு பெரும்பாலும் ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்து பெறப்பட்டது. நம் மக்களிடம் சர்க்கரை நோயும் இரத்த நாளக் கோளாறும் மிகுதி. உணவும் தொற்றுகளும் வேறு. பிறர் மூளையில் கண்டறிந்த விதி நமக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனத்தில் மூளைத் திசு வங்கி 1995ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மூளைதானத்தில் நோயுற்றோர் மூளையைப் போலவே நோயற்றோர் மூளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை. இறந்து சில மணி நேரங்களுக்குள் திசு எடுக்கப்பட வேண்டும் என்பதால், விருப்பம் உள்ளவர்கள் தம் எண்ணத்தை முன்கூட்டியே குடும்பத்தாரிடம் தெரிவித்திருப்பது முக்கியம். இறுதி ஒப்புதல் நெருங்கிய உறவினர் கையில் உள்ளது. மறதிநோய் உள்ளவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டறிவது முறையாகும். இதில் எவருக்கும் கட்டாயமில்லை. மனம் ஒப்பாத குடும்பம் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை.

இன்று நோயுடன் இருப்பவருக்கு இந்த ஆய்வுகள் உடனே பயன் தரும் என்று சொல்ல இயலாது. அடுத்த தலைமுறைக்குப் பயன் தரும் வாய்ப்பு உண்டு. அதுவரை, நேற்று எழுதித் தந்த மாத்திரை இன்று சரியான நேரத்தில் கொடுக்கப்பட்டதா, காது கேட்கிறதா, கால் இடறாமல் இருக்கக் குளியலறையில் பிடிமானம் உள்ளதா என்று பார்ப்பது உங்கள் கையில் உள்ளது.

உதவிக்கு: மருத்துவத் தகவல்களுக்கு 104, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் மருந்தைத் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்யுங்கள்.